கட்டை விரல் எட்டும் தூரம்

இந்தக் காலத்து ஜனங்களுக்குக் கழுத்து எதற்கு இருக்கிறது என்று அடுப்புக்காரருக்குப் புரியவில்லை. ஒருத்தனும் நிமிர்வது கிடையாது. 'அடுப்பு ரிப்பேர்' என்று ஆளுயர எழுத்தில் போர்டு மாட்டியிருக்கிறார். அதற்கு நேர் கீழே நின்றுகொண்டு ஒருவன், "பக்கத்துல அடுப்புக் கடை எங்க இருக்கு?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். போனிடம்தான். இரண்டடி தள்ளி பர்னரைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனிதரிடம் இல்லை. போன் ஏதோ சொன்னது. அவன் தலையாட்டிவிட்டு எதிர்த் திசையில் நடந்தான்.

"போ ராசா, போ. அது கிணத்துல இறங்கச் சொன்னாலும் இறங்கு" என்றார் அடுப்புக்காரர்.

அதற்குள் அவருடைய போன் அடித்தது. எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தார்.

"ஹலோ, அடுப்புக் கடை."

"சாரி சார், தெரியாம கை பட்டுடுச்சு."

காலையிலிருந்து இதே பாட்டுதான். கை பட்டுவிட்டது, விரல் பட்டுவிட்டது, குழந்தை அமுக்கிவிட்டது. அடுப்பு எரியவில்லை என்று ஒரு ஜீவன் சொல்லவில்லை.

எல்லாம் மாப்பிள்ளை செய்த வேலை. கடையில் ஆள் வருவது குறைந்ததும் அவர் ஒரு வெப்சைட்டைத் தொடங்கிவிட்டார். கூடவே ஒரு கெடுவும் வைத்தார்.

"இந்த மாசத்துக்குள்ள போன்ல தேடி ஆளுங்க வரலைன்னா, கடையைப் போன் கவர் விக்கிறவருக்கு விட்டுடலாம் மாமா. நீங்க வீட்டுல நிம்மதியா உக்காருங்க."

வீட்டில் நிம்மதியாம்! "நீங்க வீட்டுல உக்காந்தா நான் எங்க போய் உக்காருறது?" என்று வீட்டுக்காரம்மா அன்றைக்கே கேட்டுவிட்டாள். கடை போனால் அவருக்கு உட்கார உலகத்தில் வேறு இடம் கிடையாது.

கடையை விட்டுவிடு என்று வேறு யாராவது சொல்லியிருந்தால் அவன் பரம்பரையையே இழுத்துத் தெருவில் போட்டிருப்பார். ஆனால் பெண்ணைக் கொடுத்த இடம். பூமியில் அவர் திட்டாத ஒரே பிறவி மாப்பிள்ளைதான். அவர்மேல் வந்த கோபத்தை வேறு யார் தலையிலாவது இறக்கியாக வேண்டும்.

"மாப்பிள்ளை, இது சரியில்லைங்க. மணி அடிச்சுக்கிட்டே இருக்கு. ஒரு அடுப்பு வரல" என்றார்.

மாப்பிள்ளை நிபுணரைக் கூட்டி வந்தார். போனில் தேடினால் நம் கடை முதலில் வரும்படி செய்வதுதான் அந்தப் பிள்ளைக்குத் தொழிலாம். கணுக்காலுக்கு எட்டாத பேண்ட். கடையில் இருந்த ஒரே ஸ்டூலில் கேட்காமலே உட்கார்ந்தான்.

"சார், இப்ப யாரும் கம்ப்யூட்டர்ல தேடுறதில்ல. எல்லாம் போன்தான். ஒரு கையில பை இருக்கும், இன்னொரு கையில போன் இருக்கும். அதனால கட்டை விரல் எட்டுற தூரத்துல கூப்பிடுற பட்டனை வெச்சிருக்கேன்."

"எட்டுது தம்பி. தூங்குறவன் விரலும் எட்டுது. அந்தப் பட்டனை எடுத்துடு."

"ஐயையோ, எடுத்தா தேடுற வரிசையில கீழ போயிடுவோம் சார். பேஜ் கொஞ்சம் கனமா இருக்கு, அதான் கோளாறு. திறக்குறதுக்குள்ள அவசரப்பட்டு கண்ட இடத்துல அமுக்குறாங்க. கனத்தைக் குறைச்சுட்டா சரியாயிடும்."

குறைத்தான். முதலில் அடுப்புப் படங்களை எடுத்தான். அப்புறம் என்னென்ன ரிப்பேர் செய்யப்படும் என்ற விவரத்தை எடுத்தான். அடுப்புக்காரர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு முறைத்தபடி நின்ற போட்டோவையும் கனம் என்று எடுத்துவிட்டான். இப்போது பேஜ் கண் இமைப்பதற்குள் திறந்தது. வெள்ளைத் திரை, நடுவில் ஒரு ஆரஞ்சு பட்டன். அமுக்குவதற்கு வேறு எதுவும் இல்லாததால் வந்தவர்கள் எல்லோரும் அதையே அமுக்கினார்கள்.

மணி நிற்கவே இல்லை. அடுப்புக்காரர் வாயைத் திறந்தார்.

"சாரி, கை பட்டு..."

"பட்டுச்சா? அந்தக் கையைக் கழட்டி அலமாரியில வை. உனக்குச் சட்டையில கை இருக்கறதே தண்டம்!"

"ஹலோ, இது என்ன கடைங்க?"

"என்ன கடைன்னு தெரியாம எதுக்குய்யா அமுக்குன? பகல் மணி பதினொண்ணு. இந்நேரத்துக்குப் படுத்துக்கிட்டுத்தானே போனைத் தடவுற? அந்த நேரத்துக்கு ரெண்டு பாத்திரம் தேய்ச்சிருந்தா உங்கம்மா செத்த நேரம் உக்காந்திருப்பா!"

எதிர்முனையில் கட்டில் கிறீச்சிட்டது. பிறகு, "நான் படுத்திருக்கேன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்றது குரல்.

"உன் குரலே இன்னும் எந்திரிக்கல!"

இரண்டு நாளில் மாப்பிள்ளை முகம் வெளுத்துப்போய் வந்தார். "மாமா, நம்ம கடையைப் பத்தி ஜனங்க எழுதியிருக்காங்க. எல்லாம் ஒத்த ஸ்டார்."

"படிங்க, கேப்போம்."

"'தெரியாமல் கை பட்டது. என் படிப்பை விசாரித்தார்.' அடுத்தது, 'இவருக்கு அடுப்பே தேவையில்லை, வாயாலேயே சமைப்பார்.' இன்னொண்ணு மட்டும் அஞ்சு ஸ்டார் மாமா. 'என் அப்பா ஞாபகம் வந்தது, அழுதுவிட்டேன்.'"

"அழட்டும். அழுதா கண்ணு சுத்தமாகும், போர்டு தெரியும்."

மாப்பிள்ளை நிபுணருக்குப் போன் போட்டார். பணிவாகப் பதில் போட்டால் போதும், கெட்ட பெயர் கழுவிப் போய்விடும் என்றான் அவன். டைப் அடிக்கத் தெரியாவிட்டால் மைக்கை அமுக்கிப் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளுமாம். மாப்பிள்ளை கற்றுக்கொடுத்துவிட்டு ஆபீசுக்குப் போனார். அடுப்புக்காரர் கடைசிவரைக்கும் பணிவாகப் பேசத்தான் முயன்றார். வெளியானது இது:

'வணக்கம். மன்னிக்கணும். இது ஓடுதா? ஓடுது போல. தம்பி, நீ கடைக்கு வந்தியா? வரல. அடுப்பு குடுத்தியா? குடுக்கல. அப்புறம் ஸ்டாரைக் குறைக்க நீ யார்ரா? முப்பது வயசுல அப்பன் காசுல ரீசார்ஜ் பண்ற, உனக்கு நட்சத்திரம் ஒரு கேடா? முதல்ல போர்வையை மடிச்சு வை.'

ஒவ்வொருவருக்கும் இப்படித் தனித்தனியாகப் பணிவு காட்டினார். அதை ஜனங்கள் படித்தார்கள். படித்ததை அடுத்தவர்களுக்கு அனுப்பினார்கள். அவர்கள் வந்து பட்டனை அமுக்கினார்கள். இந்த முறை கை பட்டு அல்ல, வேண்டுமென்றே. "சார், என் தம்பிகிட்ட கொஞ்சம் பேசுறீங்களா?" என்றுகூட ஒருத்தி கேட்டாள். விளையாடுகிறாள் என்று நினைத்து அவளையும் திட்டி வைத்தார்.

மாதக் கடைசி அன்று நிபுணப் பிள்ளை துள்ளிக்கொண்டு வந்தான்.

"சார், முதல் இடம்! போன்ல தேடினா நாமதான் முதல்ல வர்றோம்!"

"அடுப்புன்னு தேடினாவா?"

"எதைத் தேடினான்னு அப்புறம் பாத்துக்கலாம் சார். முதல் இடம் வந்தாச்சு. இந்த கிராஃப்ல கோடு எப்படி ஏறுது பாருங்க!"

"கோடு ஏறுது. கடை வாசப்படியில எவன் ஏறினான்?"

நிபுணப் பிள்ளை அந்தக் கோட்டையே பார்த்துப் பூரித்தான். உள்ளே போன் கவர்க்காரர் டேப்பை நீட்டிச் சுவரை அளந்துகொண்டிருந்தார். அடுப்புக்காரருடைய ஸ்பேனர் தொங்கும் ஆணியில் சிவப்புக் கவர்களை மாட்டினால் எடுப்பாக இருக்கும் என்று தனக்குத்தானே பேசிக்கொண்டார். மாப்பிள்ளை ஸ்டூலில் உட்கார்ந்து தரையைப் பார்த்தார்.

அப்போதுதான் ஒரு அம்மா படியேறி வந்தாள். ஒரு கையில் போன். இன்னொரு கையில், தோளைத் தொங்கப் போட்டுக்கொண்டு, தாடி வைத்த மகன்.

"போன்ல பாத்துட்டு வந்தோம். அடுப்புக் கடை இதுதானுங்களே?"

மாப்பிள்ளை எழுந்தே நின்றுவிட்டார். "மாமா! வந்துட்டாங்க மாமா!"

அடுப்புக்காரருக்கே ஒரு நிமிஷம் நம்பிக்கை வந்துவிட்டது. காட்டிக்கொள்ளாமல் ஸ்பேனரைக் கையில் எடுத்தார். "எத்தனை பர்னர்மா? கேஸ் கசியுதா, எரியலையா?"

"அதெல்லாம் நல்லா எரியுதுங்க."

"அடுப்பு எங்க?"

"வீட்டுல இருக்கு. அதுக்கென்ன?"

அடுப்புக்காரர் ஸ்பேனரை ஆணியில் மாட்டினார். செருப்பைத் தேடிக் காலில் நுழைத்தார்.

"பாத்தீங்கல்ல மாப்பிள்ளை? இதுவரைக்கும் விரல் தவறி போன் போட்டாங்க. இப்பக் கால் தவறி நேர்லயே வர ஆரம்பிச்சுட்டாங்க. உங்க முதல் இடத்தை நீங்களே வெச்சுக்குங்க. எனக்கு ஒரு நம்பிக்கையும் இல்ல."

படியிறங்கி நடந்தார். தெருவில் இன்னும் மூன்று நான்கு பெண்கள் போனும் கையுமாக வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்தி பின்னாலும் தூக்கம் கலையாத ஒரு தடிமாடு. போர்டை ஒருத்தரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. 'கழுத்தே இல்லாத ஜனங்க' என்று முணுமுணுத்தபடி அவர்களைத் தாண்டிப் போனார்.

கடையில் அந்த அம்மா மாப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க, அவர் பாட்டுக்குப் போறாரு? 'வேலைக்குப் போகாத பையனைத் திட்ட ஆள்'னு தேடினா முதல்ல வந்தது இவருதானே!"