அக்கா வீட்டு ஞாயிறு

உப்போலு தீவு,
வியாழக்கிழமை. உனக்கு இன்னும் புதன்தான்.

என் மதிப்பிற்குரிய அக்கா ஃபிலோமினாவுக்குத் தம்பி லஃபாயெலே பணிவோடு எழுதிக்கொள்வது. தேவ கிருபையால் இங்கே நானும் லோசாவும் ஏழு பன்றிகளும் சுகம். சுகமில்லாதது என் மானம் மட்டுந்தான். கடலுக்கும் தேதிக்கோட்டுக்கும் அந்தப் பக்கம், ஒரு நாள் பின்னால் இருக்கிற பாகோ பாகோவில் நீயும், உன் மகள் எலேனாவும், அவள் பெற்ற குழந்தையும் சுகமாயிருக்க வேண்டுகிறேன்.

அக்கா, என் மேல் நீ கோபமாக இருக்கிறாய். காரணத்தைச் சொல்கிறேன், கேட்டுவிட்டுத் திட்டு. சாம்பல் புதன் பூசை முடிந்ததும் எங்கள் வித்தாலே சாமி, தவக்காலத்துக்கு யார் எதை விடப்போகிறீர்கள் என்று கேட்டார். ஒருவர் டின் மாட்டிறைச்சி என்றார், ஓர் அம்மாள் பிங்கோ என்றாள். நான் உபதேசியார் அல்லவா, சின்னதாகச் சொன்னால் மரியாதை என்னாவது? எழுந்து நின்று, "ஈஸ்டர் வரைக்கும் ஃபேஸ்புக் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்க மாட்டேன்!" என்று முழங்கினேன். சாமி உருகிப்போய், "உபதேசியாரே, நானும் உங்ககூட விட்டுடறேன்" என்றார். கோயிலே கைதட்டியது. லோசா மட்டும் என் விலாவில் இடித்து, "சர்க்கரைன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?" என்றாள். நான் கேட்டேனா? வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன். அதோடு நின்றேனா? நெற்றிச் சாம்பலோடு படம் எடுத்து, "உலகமே, விடைபெறுகிறேன்" என்று ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டுத்தான் ஃபேஸ்புக்கை விட்டேன். எத்தனை பேர் லைக் போட்டார்கள் என்று இனிமேல் பார்க்க முடியாதே என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

முதல் நாலு நாள் பட்ட பாட்டை எழுதி மாளாது. பன்றிக்குத் தேங்காய் போடும்போதுகூடக் கட்டைவிரல் தானாக மேலும் கீழும் போகிறது. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் சாமி, "ஞாயிறு ஆண்டவர் உயிர்த்த நாள், தவக்காலத்து நாற்பதுல அது சேராது" என்றாரே பார்க்கலாம்! பூசை முடிந்து நான் ஓடிய ஓட்டத்தில், லோசா சமைத்து வைத்த சேப்பங்கிழங்கு ஆறிக் கல்லாகிவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். ஆசை யாரை விட்டது? திங்கள் விடிந்ததும் ஒரு ஞானம் பிறந்தது. மீன் ஆலையில் வேலை பார்த்தபோது உன் வீட்டில் உட்கார்ந்துதானே நான் ஃபேஸ்புக்கில் சேர்ந்தேன்? அப்படியானால் அது உன் ஊர்ப் பிள்ளை. இங்கே திங்கள் என்றால் உன் ஊரில் ஞாயிறு. வாரத்துக்கு இரண்டு ஞாயிறு! இந்த மூளையைப் பள்ளிக்கூடத்தில் காட்டியிருந்தால் இந்நேரம் பிஷப்பாகியிருப்பேன். சேப்பங்கொல்லைக்குள் குந்தி உட்கார்ந்து போனைத் திறந்தேன்.

உன் செய்தி வந்திருந்தது. "தம்பி, எலேனா பிள்ளைக்கு ஈஸ்டர் அன்னிக்கு ஞானஸ்நானம். நீதான் ஞானத்தகப்பன். வருவியாடா?" அழுதுவிட்டேன், அக்கா. அம்மா அடக்கத்தின்போது, அம்மா நெய்த பெரிய பாயை உனக்குத் தராமல் நான் வைத்துக்கொண்டேனே, அதற்கப்புறம் இரண்டு வருஷத்தில் நீ என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. 'வருகிறேன்' என்று தட்டினேன். அனுப்பப்போகும்போது விரலை எடுத்துவிட்டேன். எலேனா ஊருக்கெல்லாம் காட்டுவாள், 'திங்கக்கிழமை காலையில உபதேசியாருக்கு ஃபேஸ்புக்ல என்ன வேலை?' என்று பங்குக் கோயிலே கேட்குமே! அழித்துவிட்டேன், ஞாயிறு வரட்டும் என்று. நான் படித்துவிட்டேன் என்பது உன் போனில் தெரியும் என்று இந்த மரமண்டைக்குத் தோன்றவேயில்லை.

இன்று காலைக் கப்பலில் உன் ஊரிலிருந்து நம் பெரியப்பா மகன் பெத்தேலோ வந்தான். "அக்கா அழுவுதுடா. 'படிச்சுட்டான், பதில் போடல. பாய் சண்டைய இன்னும் மனசுல வெச்சிருக்கான்'னு சொல்லுது. சனிக்கிழமைக்குள்ள கோயில்ல ஞானத்தகப்பன் பேர் குடுக்கணுமாம், என்னைய நிக்கச் சொல்லியிருக்கு" என்றான். அதற்குள் வெள்ளைச் சட்டை வேறு தைத்துவிட்டான். "நீ தவத்துல இருக்கே, உனக்கு எதுக்குடா இந்தத் தொந்தரவு?" என்று என் தோளைத் தட்டுகிறான், பாவி. உனக்கு நாலு தடவை போன் போட்டேன், நீ எடுக்கவில்லை.

அக்கா, பாய் உனக்குச் சேர வேண்டியது. நம் வழக்கப்படி அக்காவுக்குக் கொடுத்து வணங்க வேண்டிய தம்பி பிடுங்கி வைத்துக்கொண்டேன், தப்பு என்னுடையது. என் பேரையே கொடு. சேப்பங்கொல்லை சமாச்சாரம் நம் இருவருக்குள் இருக்கட்டும், முக்கியமாக வித்தாலே சாமி காதுக்குப் போகக் கூடாது. இனி ஈஸ்டர் வரை என் ஊர் ஞாயிறானாலும் சரி, உன் ஊர் ஞாயிறானாலும் சரி, அந்தப் பக்கம் திரும்ப மாட்டேன். இது சத்தியம்.

குழந்தையின் நெற்றிக்கு ஒரு முத்தம். உன் காலுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உன் அசட்டுத் தம்பி
லஃபாயெலே

பி.கு.: மடித்த பிறகுதான் யோசித்தேன், இதைக் கொண்டுவரப்போவது பெத்தேலோ. சட்டை தைத்தவன் கையில் கொடுத்தால் கடலில் மீன்தான் படிக்கும். அதனால் கடிதத்தைப் படமெடுத்து ஃபேஸ்புக்கில் உனக்கு அனுப்பினேன். இன்று எந்த ஊரிலும் ஞாயிறு இல்லை, தெரியும். கட்டைவிரல் தவறியதில் படம் நம் பங்குக் கோயிலின் ஃபேஸ்புக் பக்கத்தில் போய் விழுந்துவிட்டது. எடுப்பதற்குள் அறுபத்திரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். முதல் சிரிப்பு வித்தாலே சாமியுடையது. கீழே நீ எழுதியதையும் பார்த்தேன்: "கூறுகெட்டவனே, பேர் குடுத்தாச்சு. பாயோட வந்து சேரு." ஊரை விட்டுப் போய் இத்தனை வருஷமாகியும் நம் கோயில் பக்கத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாயா, அக்கா? அதைப் பத்துத் தடவை படித்துவிட்டுப் போனை லோசாவிடம் கொடுத்துவிட்டேன், அவள் மாவு டின்னில் போட்டு மூடிவிட்டாள். இனி ஒளிக்க ஒன்றுமில்லை என்பதால் கடிதம் பெத்தேலோ கையிலேயே வருகிறது. அன்று அழித்த பதிலை இங்கே மையால் எழுதுகிறேன்: வருகிறேன்.