சுவருக்கு அந்தப் பக்கம்

தும்பி மறுபடியும் ஜெயித்துவிட்டான்.

ஆன்லைன் துப்பாக்கி விளையாட்டு ஒன்றை நடத்தும் கம்பெனியில், கள்ளாட்டம் ஆடுபவர்களைப் பிடிப்பதுதான் அவள் வேலை. ஆபீசில் அவளுக்கு ‘சிஐடி அக்கா’ என்று பெயர். ‘தும்பி’ என்ற புனைபெயரில் ஆடும் ஆசாமி அவளை ஆட்டிவைத்துக்கொண்டிருந்தான். சுவருக்குப் பின்னால் பதுங்கிய எதிரி தலைநீட்டும் முன்பே அவன் துப்பாக்கி அங்கே திரும்பிவிடும். சுவரை ஊடுருவிக் காட்டும் திருட்டு மென்பொருள் வைத்திருக்கிறான் என்று மற்றவர்கள் புகார்மேல் புகார் அனுப்பினார்கள்.

இறுதிப்போட்டி நெருங்குகிறது, தடை போடு என்றார் மேனேஜர்.

“ஆதாரம் இல்லாம ஒருத்தர திருடன்னு சொல்லக் கூடாது சார். பட்டம் ஒட்டறது சுலபம், பிச்சு எடுக்கறது கஷ்டம்.”

முதலில் ஆட்டக்களம் முழுக்கப் பனிமூட்டத்தைப் பரப்பினாள். மற்றவர்கள் மரத்தில் முட்டிக்கொண்டார்கள். தும்பி முன்னைவிடச் சுலபமாக ஜெயித்தான்.

அடுத்து களத்தையே இருட்டாக்கினாள். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டுவிட்டீர்களே என்று ஊரே திட்டித் தீர்த்தது. பாதிப் பேர் ஆட்டத்தைவிட்டே போனார்கள். தும்பியிடமிருந்து மட்டும் ஒரு முணுமுணுப்பும் இல்லை.

பிறகு பொறி வைத்தாள். சுவர்களுக்குப் பின்னால் பொம்மை வீரர்களை நிறுத்தினாள். அசையாத, சத்தம் போடாத பொம்மைகள். சுவரைத் துளைத்துப் பார்ப்பவன் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். வேறு யார் யாரோ மாட்டினார்கள். தும்பி அந்தத் திசையில் திரும்பக்கூட இல்லை.

நிஜமாகவே கெட்டிக்காரனோ? கெட்டிக்காரனைப் பார்த்தாலே திருடன் என்று தோன்றும் அளவுக்கு இந்த வேலை தன்னை மாற்றிவிட்டதோ என்று யோசித்தாள். மேனேஜரோ, பொறியையே மோப்பம் பிடிக்கிறவன் பலே திருடன் என்றார்.

கடைசியாக ஒரு சோதனை. பயிற்சி ஆட்டம் ஒன்றில், தும்பியின் திரைக்கு மட்டும் படம் போவதை நிறுத்தினாள். யோக்கியன் என்றால் உடனே புகார் செய்வான். தும்பி செய்யவில்லை. அவன் பாட்டுக்கு ஆடினான், ஜெயித்தான், எல்லாருக்கும் நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

வெறும் கறுப்புத் திரையைப் பார்த்து ஒருவன் ஆட முடியுமா? வேறு எதிலோ பார்க்கிறான். இதற்குமேல் என்ன ஆதாரம் வேண்டும்? ஆனாலும் மனசில்லாமல்தான் அனுப்பினாள்: சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்து ஆடியதால் நிரந்தரத் தடை.

மறுநாள் தும்பியின் அக்கா போன் செய்தாள். கோபப்படவில்லை. தம்பி நேற்றிலிருந்து சாப்பிடவில்லை என்றாள். ஹெட்போனில் காலடிச் சத்தத்தைக் கேட்டு ஆடுவானே தவிர, அவனிடம் எந்தத் திருட்டு மென்பொருளும் கிடையாது என்றாள்.

“அப்ப திரை கறுப்பா போனப்ப ஏம்மா ஒண்ணும் சொல்லல?”



“சுவருக்கு அந்தப் பக்கம் பாக்கறான்னு எழுதியிருக்கீங்க மேடம். அவனுக்குப் பொறந்ததுலேர்ந்து இந்தப் பக்கமே தெரியாது.”