செல்பியில் பார்த்த மச்சம்

வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். நான் சொந்தப் பாடத்திலேயே மக்கானவள்.

என் ஆராய்ச்சி, கண்ணாடிப் பிம்பம் போன்ற மூலக்கூறுகளைப் பற்றியது. இடது கையும் வலது கையும் மாதிரி இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். மருந்தாக உள்ளே போனால் ஒன்று குணப்படுத்தும், மற்றது படுத்தியெடுக்கும். தபால்தலை அளவுக் கண்ணாடிச் சில்லில் முடியளவு வாய்க்கால் வெட்டி, மின்சாரம் பாய்ச்சி இரண்டையும் ஓடவிடுவோம். வழியில் ஒரு சர்க்கரைச் சரக்கைக் கலந்துவைத்தால் ஒன்று அதில் ஒட்டிக்கொண்டு பிந்தும். ஒரே நிமிஷத்தில் பிரித்துவிடலாம்.

"இந்தச் சம்மந்தமும் தட்டிப்போனா படிப்ப மூட்டை கட்டிரு" என்று அப்பா சொல்லியிருந்தார். டாக்டர் பட்டம் முடிக்கட்டும் என்ற ஒரே மாப்பிள்ளை இவர்தான். புதுக்கோட்டைக்காரர். அனுப்பிய செல்பியில் வலது கன்னத்தில் மச்சம். (நாலு தரம் பெரிதாக்கிப் பார்த்தேன், போதுமா?)

திருமயத்தில் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா, "என்னம்மா வேலை பாக்குற?" என்றார்.

"ஒரே மாதிரி இருக்கிற ரெண்டப் பிரிக்கிற வேலைங்க. ஒரு நிமிஷம் போதும்."

அந்தம்மா கையிலிருந்த வடையைக் கீழே வைத்துவிட்டுத் தன் இரண்டு மகன்களையும் பார்த்தார். அப்போதுதான் நானும் பார்த்தேன். இரட்டையர். ஒருவருக்கு வலது கன்னத்தில் மச்சம், மற்றவருக்கு இடது கன்னத்தில். தரகர் இதைச் சொல்லவே இல்லை, கட்டையில போறவர்.

எனக்கென்ன பயம்? மச்சத்தைப் பார்த்து, வலது கன்னத்துக்காரரிடம் காபியை நீட்டி, தலை குனிந்து சிரித்தும் வைத்தேன்.

அவர் பக்கத்தில் இருந்த பெண் டம்ளரை வாங்கிக்கொண்டாள். "தங்கச்சி, இது என்னோடது. ஒங்களது அங்கிட்டு இருக்கு."

செல்பி இடவலம் மாற்றிக் காட்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. கண்ணாடிப் பிம்பத்தில் ஆராய்ச்சியாம். வெட்கக்கேடு. அப்பா கூரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். படிப்பு போச்சு என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எல்லோரும் வேனில் ஏறினார்கள். இடது கன்னத்து மச்சம் மட்டும் வாசலுக்குத் திரும்பி வந்தது.

"செருப்ப மறந்துட்டேங்க."

செருப்பு காலில்தான் இருந்தது. ஒட்டிக்கொண்டதுதானே பிந்தும்? அழுகை நின்று சிரிப்பு வந்தது எனக்கு.

கல்யாணமும் ஆயிற்று, பட்டமும் வந்தது. இன்றும் வீட்டு விசேஷத்தில் நான் காபித் தட்டோடு வந்தால், அந்த அக்கா தன் வீட்டுக்காரர் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறாள்.

"டாக்டரு வாராங்க. ஒரு நிமிஷம் அசந்தாப் போச்சு."