மூன்றாம் அத்தியாயத்து வாப்பா

தான் மௌத்தாகிவிட்ட விஷயம் மர்சூக்குக்கு அந்தப் புத்தகத்தின் முப்பத்தெட்டாம் பக்கத்தில்தான் தெரியவந்தது.

அதுவரை ஆள் நன்றாகத்தான் இருந்தார். மாத்தளை பஸாரில் தன் சரக்குக் கடையில், ஏலக்காய்ச் சாக்குக்கும் சாதிக்காய்ச் சாக்குக்கும் நடுவே கதிரையைப் போட்டு, கன்னத்தில் ஒரு கராம்பை அடக்கிக்கொண்டு, மகள் றம்லாவின் புத்தகத்தை வாசித்துக்கொண்டிருந்தார். ஆசைக்கு வாசிக்கவில்லை. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்க வேண்டிய பிள்ளை, விலங்கியல் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்து இதை வாசித்ததைக் காலையில் கண்டுவிட்டார். அட்டையில் மண்ணைப் பிளந்துகொண்டு ஒரு கை. அதற்கு மேலே, 'எழும்பி வந்தவர்கள்: இளையோர் நாவல்.' காதும் காதும் வைத்தாற்போல எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டார். பிள்ளையை ஏசுவதென்றாலும் ஒழுங்காக ஏச வேண்டாமா? அதற்கு நாலு பக்கமாவது வாசிக்கத்தானே வேண்டும்?

கதையில் மாத்தளை முழுக்கச் செத்தவர்கள் எழும்பி நடந்தார்கள். "கியாமத் நாளைக்கு முன்னுக்கு எழும்ப இவனுகளுக்கு ஆரு பெர்மிஷன் குடுத்த?" என்று, இறுதித் தீர்ப்பு நாளுக்குக்கூடக் காத்திராமல் எழும்பியவர்கள் மேல் முதலாம் அத்தியாயத்தில் மர்சூக் கொதித்தார். இரண்டாம் அத்தியாயத்தில், மிளகு கேட்ட கிழவிக்குக் கறுவாப்பட்டையைக் கட்டிக் கொடுத்தார். மூன்றாம் அத்தியாயத்தில் அந்த வாப்பா வந்தார்.

அவருக்கும் பஸாரில் சரக்குக் கடை. கன்னத்தில் எந்நேரமும் கராம்பு. சாப்பிட உட்காரும்போது கறிச்சட்டியை எட்டிப் பார்த்து ஒரு பெருமூச்சு. எதைக் கேட்டாலும் 'ம்'. இந்த மனிதர் ஒரு வியாழக்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு சாய்மனைக் கதிரையிலேயே மௌத்தாகி, அசருக்குப் பாங்கு சொல்லும்போது நடைப்பிணமாக எழும்பிவிடுகிறார். கடைக்குப் போகிறார், வருகிறார், தின்கிறார், டீவியில் யுத்தச் செய்தி பார்க்கிறார். மூன்று நாளாக வீட்டில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. சோதனைச்சாவடியில் மறிக்கிறார்கள். அடையாள அட்டை சரியாக இருக்கிறது, போகச் சொல்லிவிடுகிறார்கள். ஆளில் உயிர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி அவர்களுக்கு உத்தரவில்லை. நாலாம் நாள் சுண்டுவிரல் கழன்று பிளேன்ரீக் கோப்பைக்குள் விழுந்த பிறகுதான் மகளுக்கே லேசாக ஒரு சந்தேகம் வருகிறது.

மர்சூக் தன் சுண்டுவிரலைப் பார்த்துக்கொண்டார். இருந்தது.

பஸாரில் சரக்குக் கடை வைத்த வாப்பாமார் எத்தனையோ பேர். ஆனால் அந்தப் பெருமூச்சு? எழுதியவர் பெயர் 'மலையருவி' என்று போட்டிருந்தது. மண்ணாங்கட்டி அருவி! றம்லாதான், வேறு யார்? தமிழ்த்தினப் போட்டியில் கட்டுரைக்குப் பரிசு வாங்கியவளாயிற்றே.

கோபம் வந்தது. அதை முந்திக்கொண்டு அழுகை வந்தது. ஒரே மகள். அவள் கண்ணுக்குத் தான் ஒரு பிணமா? இந்தப் புத்தகத்தை நெருப்பில் போட வேண்டும் என்று நினைத்தார். நினைத்தபடியே அடுத்த பக்கத்தைப் புரட்டினார். விரல் விழுந்த மனிதனுக்குப் பிறகு என்ன நடந்தது என்று தெரியாமல் எப்படிப் போடுவது?

அன்று மாலை அலுவிகாரை வீட்டில் றம்லா அலுமாரியைத் தலைகீழாக்கிக்கொண்டிருந்தாள்.

"வாப்பா, என்ட புத்தகமொன்டு கண்டீங்களா?"

"ம்," என்றார் மர்சூக். சொன்ன பிறகுதான் உடம்பு தூக்கிவாரிப் போட்டது. "ம் இல்ல மகள்! காணல்ல! நான் காணவே இல்ல!"

இனி அவளிடம் நேரே கேட்கவும் முடியாது. சரி, தான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று காட்டினால் போகிறது என்று முடிவு கட்டினார்.

இராச்சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும், கறிச்சட்டியின் பக்கமே திரும்பாமல், மனைவி ஜெஸீமாவைப் பார்த்துச் சிரித்தார். "பொறகு? இன்டைக்கு உங்களுக்கெல்லாம் பொழுது எப்பிடிப் போச்சு?"

அகப்பை அந்தரத்தில் நின்றது. ஜெஸீமா சட்டியைக் கீழே வைத்துவிட்டு, பரிமாறுவதை மறந்து பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தே விட்டாள்.

"கடையில ஏதும் பிரச்சினையா வாப்பா?" என்றாள் றம்லா.

"பிரச்சினையா? ஹஹ்ஹா! வாப்பா சந்தோஷமா இரிக்கேன் மகள்!"

அந்தச் சிரிப்பு அவருக்கே புதிதாக இருந்தது. எங்கே நிறுத்துவதென்று தெரியாமல் கொஞ்சம் கூடவே சிரித்துவிட்டார். பக்கத்து வீட்டிலிருந்து அவருடைய தாத்தா, அதாவது கூடப்பிறந்த அக்கா, நாச்சியா யன்னலைத் திறந்து, "தம்பிக்கு என்னவாம்? பொரையேறிட்டா?" என்று கேட்டாள்.

மறுநாள் காலை, பேச்சு போதாது, செயலில் காட்டுவோம் என்று குசினிக்குள் நுழைந்தார். "தள்ளுங்க, நான் தேங்கா துருவுறேன்." கலியாணமான நாளிலிருந்து அவர் குசினிக்குள் வந்தது தண்ணீர் குடிக்க மட்டும்தான். திருவலை அவரை மதிக்கவில்லை. பாதித் தேங்காயில் சுண்டுவிரலையும் சேர்த்துத் துருவிவிட்டார்.

கட்டுப்போட்ட சுண்டுவிரலோடு பிளேன்ரீக் கோப்பையைத் தூக்கிய வாப்பாவைப் பார்த்து, றம்லா பேயறைந்தவள் போல நின்றாள். கோப்பைக்குள்ளும் ஒருதரம் எட்டிப் பார்த்தாள். ஜெஸீமா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். பாவம், ரத்தம் கண்டு பயந்துவிட்டாள் என்று மர்சூக் நினைத்துக்கொண்டார்.

இதையும் சரிக்கட்ட வேண்டுமே. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் கடையைத் திறக்கவில்லை. "வாங்க, தம்புள்ளைக்குப் போய்க் காத்து வாங்கிட்டு வருவோம்!" தம்புள்ளையில் என்ன காற்று? மரக்கறி லொறிப் புகைதான். ஆனாலும் கிளம்பினார்கள். நாச்சியாவும் தொற்றிக்கொண்டாள்.

நாலந்தாவுக்குப் பக்கத்தில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். அந்த நாட்களில் சோதனைச்சாவடியில் எப்படி நிற்க வேண்டும் என்று தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். அட்டையை நீட்டி, நிலத்தைப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு நிற்க வேண்டும். மர்சூக்கும் இத்தனை வருஷமாக அப்படித்தான் நின்றவர். அதாவது, நடைப்பிணமாக. இன்று மகள் பக்கத்தில் நிற்கிறாளே!

சிப்பாயைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "எப்பிடி மல்லி? பகல் சாப்பிட்டாச்சா?" என்று தம்பி முறை வைத்துச் சிங்களத்தில் குசலம் விசாரித்தார்.

சிப்பாய் மர்சூக்கின் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "என்னத்துக்குச் சிரிக்கிறீங்க?"

"சும்மா, சந்தோஷத்துக்கு."

"சந்தோஷத்துக்கு?"

அவ்வளவுதான். பஸ் போய்விட்டது. சந்தோஷமாக இருக்கிற மனிதனை அந்த வழியில் யாரும் கண்டதில்லை. பெரியவரைக் கூப்பிட்டு, அவர் இன்னொரு பெரியவரைக் கூப்பிட்டு, சட்டைப் பையிலிருந்த கராம்பை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்து அவரை விட்டுவிட்டபோது வெயில் தாழ்ந்திருந்தது. தம்புள்ளையைப் பார்க்காமலே வீடு திரும்பினார்கள்.

வீட்டு வாசலில் வைத்து நாச்சியா தீர்ப்புச் சொன்னாள்.

"ஜெஸீமா, மறைக்காதே. இவன் பொறந்த நாள்ல இருந்து எனக்குத் தெரியும். பேசாதவன் பேசுறான், சிரிக்காதவன் சிரிக்கிறான், எங்கயும் கூட்டிப் போகாதவன் கூட்டிப் போறான். எங்கட மாமா மௌத்தாக முந்தியும் இப்பிடித்தான், திடீரென்டு எல்லாரிலயும் பாசம். தம்பிட நாள் நெருங்கிட்டு, அல்லாஹ்!"

"மதினி, அவருக்கு ஒன்டுமில்ல," என்றாள் ஜெஸீமா. "பேசினா பேசட்டுமே. நல்லாத்தானே இரிக்கி."

யார் கேட்டார்கள்? நாச்சியா சொன்னால் அலுவிகாரையில் தொடங்கி உக்குவளை வரைக்கும் போய்ச் சேரும். மறுநாள் காலையிலேயே ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். வாழைப்பழம், விஸ்கோத்துப் பெட்டி, குளுக்கோஸ் டின். போகிற மனிதனிடம் கடைசியாக மாப், அதுதான் மன்னிப்பு, கேட்டுக்கொள்ள வேண்டும் அல்லவா? ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "தெரிஞ்சோ தெரியாமலோ ஏதும் செஞ்சிருந்தா மாப் செய்யுங்க நானா," என்று அண்ணன் முறை சொல்லிக் கேட்டார்கள்.

"எனக்கு ஒரு நோயும் வருத்தமுமில்லப்பா!"

"அப்பிடித்தான் சொல்லுவீங்க. நீங்க நல்ல மனிசன்."

பக்கத்துக் கடை ரவூப் வந்து தேம்பித் தேம்பி அழுதார். "நானா, உங்கட மிளகு ஈரமென்டு வட்டாரம் முழுக்கச் சொல்லித் திரிஞ்சது நான்தான். மாப் செய்யுங்க."

"நீயா அது!" என்று எழும்பப் போன மர்சூக்கை நாலு பேர் பிடித்து அமுக்கிப் படுக்கவைத்தார்கள். உணர்ச்சிவசப்படக் கூடாதாம்.

மனிதனுக்கு வேறொரு அவசரமும் இருந்தது. நாவலில் இன்னும் ஒரு அத்தியாயம் மிச்சம். அந்த வாப்பாவின் கதி தெரியாமல் இருப்புக்கொள்ளவில்லை. புத்தகத்தைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு கக்கூசுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டார்.

கடைசி அத்தியாயத்தில் நடைப்பிணங்களெல்லாம் கூட்டமாக மகளைத் தேடி வீட்டுக்கு வருகின்றன. அப்போது அந்த வாப்பா, கையில் மூன்று விரல் மட்டுமே மிச்சமாக, வாசற்கதவில் முதுகைக் கொடுத்து நின்று விடுகிறார். ஒன்றையும் உள்ளே விடவில்லை. விடிந்த பிறகு மகள் கதவைத் திறந்து, "வாப்பா, நான் இரிக்கேன்," என்கிறாள். அவர் 'ம்' என்கிறார்.

பாவி! இந்தப் பாடுபடுத்திவிட்டுக் கடைசியில் இப்படியும் எழுதுவாளா? மர்சூக் வாய்விட்டு அழுதார். நல்ல புத்தகமா கெட்ட புத்தகமா என்று அவருக்கே விளங்கவில்லை. நெருப்பில் போடவும் வேண்டும், இன்னொருதரம் வாசிக்கவும் வேண்டும்.

வெளியே நாச்சியா, "கேட்டீங்களா, தனியப் போய் அழுறான்!" என்று மாரில் அடித்துக்கொண்டாள். கதவை உடைக்க வந்துவிட்டார்கள். மர்சூக் தாழ்ப்பாளைத் திறந்தபோது புத்தகம் கையிலேயே இருந்தது.

"வாப்பா!" என்று கத்தினாள் றம்லா. "நீங்களா எடுத்த?"

கையும் களவுமாகப் பிடிபட்டாயிற்று. இனி என்ன ஒளிப்பு மறைப்பு?

"நான்தான் எடுத்த! நீதானே எழுதின? சொல்லு மகள், உன்ட கண்ணுக்கு வாப்பா பொணமா?"

வந்தவர்கள் விஸ்கோத்தைக் கடித்தபடி வாயைத் திறந்து நின்றார்கள். றம்லாவின் கண் கலங்கிவிட்டது.

"சத்தியமா நான் எழுதல்ல வாப்பா."

"அப்ப ஆரு? உனக்குத் தெரியும்தானே?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தாள். "சொல்ல மாட்டேன்."

சொல்லமாட்டாள் என்றால் அவள்தான் எழுதியிருக்கிறாள். வேறென்ன அர்த்தம்? மர்சூக் சட்டையைச் சரிசெய்து, செருப்பை மாட்டி, மாப் கேட்க வந்தவர்களை விலக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். "மௌத்தாகப் போற மனிசன் எப்பிடி ஓடுறார் பாருங்க," என்று ரவூப் வியந்தார்.

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அச்சகத்தின் விலாசம் இருந்தது. பஸாருக்குப் பின்னால் ஓர் ஒழுங்கை. அச்சகக்காரர் யாகூப் புதிதாகக் கண்டியிலிருந்து வந்தவர், மர்சூக்கை முன்பின் தெரியாது. மை பூசிய கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஒரு கலியாணக் கார்டு ஓர்டர் என்று நினைத்திருப்பார்.

"இந்தப் புத்தகத்த எழுதின ஆரு?"

யாகூப்பின் முகம் மலர்ந்துவிட்டது. "வாசிச்சீங்களா நானா? எப்பிடி?"

"நல்லாத்தான் இரிக்கி. நல்லாவும் இல்ல. அத விடுங்க. எழுதின ஒரு பள்ளிக்கூடத்துப் புள்ளதானே? ஒல்லியா, கண்ணாடி போட்ட, அலுவிகாரைப் புள்ள?"

"அந்தப் புள்ள புத்தகக் கட்டு தூக்க வந்ததுதான். எழுதின அதுட உம்மா."

மர்சூக்கின் வாயிலிருந்த கராம்பு தொண்டைக்குள் போய்விட்டது. காகிதக் கட்டின் மேல் தொப்பென்று உட்கார்ந்தார். ஜெஸீமாவா? மகள் இல்லை என்ற நிம்மதி ஒரு பக்கம். இது என்ன புதுக் குண்டு என்ற கிலி மறுபக்கம்.

"அப்ப அந்த வாப்பா... அந்த மூனாம் அத்தியாயத்து வாப்பா..." என்று இழுத்தார். "அந்த மனிசன்ல அவவுக்கு அவ்வளவு கோவமா?"

"அது அவட யோசனை இல்ல நானா, என்ட யோசனை," என்று யாகூப் பெருமையோடு நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "மொதல்ல எழுதிக் கொண்டுவந்த கதையில மௌத்தாகி எழும்பின வாப்பா இல்ல, உம்மா. நான்தான் மாத்தச் சொன்ன. ஒரே பகல்ல வாப்பாவப் போட்டு மாத்தித் தந்துட்டா, ஆள் கைவசம் இருந்த மாதிரி."

"ஏன் மாத்தச் சொன்னீங்க?"

"பின்ன? வீட்டுல உம்மா ஒருத்தி மூணு நாளாப் பொணமாத் திரியிறா, ஒருத்தருக்கும் தெரியல்ல என்டா எவன் நானா நம்புவான்? நான் அப்பிடிக் கேட்டதுக்கு, அவ சிரிச்சிக்கிட்டுத்தான் சொன்னா: 'நான் செஞ்சே பாத்தேன், மூணு நாள் வீட்டுல ஒரு வார்த்தை பேசல்ல. நாலாம் நாள் எங்கட இவர் என்னப் பாத்து வாயத் தொறந்தார், கறிக்கு உப்புக் கொறவு என்டு சொல்ல.'"