நெல் களத்தில் நான்கு கிழவர்கள்

காலி இடத்துக்கு ஒதுங்கி வழிவிட்ட மனிதர் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே ஒருவர்தான். அவரை மெக்சிகோ என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். ரேஷன் கார்டில் என்ன பெயர் இருந்ததோ தெரியாது. கடைக்காரரே, "மெக்சிகோ, பாமாயில் வந்துக்குது" என்றுதான் சொல்லியனுப்புவார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் மெக்சிகோவைக் கண்ணால் பார்த்ததில்லை. தோசை மாஸ்டராக அமெரிக்காவுக்குப் போய், சிகாகோவில் மெக்சிகோக்காரர்கள் பிழைக்க வந்து குடியேறிய ஒரு தெருவில் பதினெட்டு வருஷம் இருந்தவர். "அந்த ஊர்ல இருந்தாகூட இவ்ளோ தெரிஞ்சிருக்காதுப்பா. ஊர வுட்டு வந்தவன் தெருவுல இருந்தாத்தான் ஊரு ஜாஸ்தியா தெரியும்" என்பார்.

திரும்பி வந்து, சங்கராபுரம் சாலையில் நான் வேலை செய்யும் ரைஸ் மில்லுக்கு எதிரே சின்னதாக டிபன் கடை போட்டார். எங்கள் பக்கம் விளைகிற மக்காச்சோளம் லாரி லாரியாகக் கோழித் தீவனத்துக்குப் போகும். அவர் அதை மனிதனுக்கு ரொட்டியாகச் சுட்டார். அதுவும் எப்படி? வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றி, சோளத்தை வேகவைத்து அரைத்து.

"மெக்சிகோ, தின்னா வாயி சிவக்குமா?" என்று எங்கள் மேஸ்திரி கேட்பார்.

"உனக்கு வாயி இன்னாத்துக்குப்பா சிவக்கணும்? பேசிப் பேசியே சிவந்து கெடக்குது" என்பார் அவர்.

என் வேலை, அவித்த நெல்லைக் களத்தில் பரப்பி, காலாலேயே கோடு கோடாகத் துழாவிக் காயவைப்பது. வாய்க்கு வேலை இல்லாததால் எனக்கு ஒத்துப்போனது. நாலு பேர் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். என் கல்யாண போட்டோவில் மாலை தெரியும், நான் தெரிய மாட்டேன்.

அவர் வந்த வருஷம், ஆவணி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணி. நெல் அவிக்கிற தொட்டியிலிருந்து ஆவி கிளம்பிக் களம் முழுக்கப் படர்ந்திருந்தது. எதிரே நிற்பவர் தெரியாது. அந்த ஆவிக்குள்ளிருந்து டக், டக் என்று மரக்கட்டை சிமெண்டில் இடிக்கிற சத்தம் வந்தது. பிறகு ஒரு முகம் வந்தது. ரோஸ் நிறம். இரண்டே பல். சிரித்துக்கொண்டே இருந்தது. கற்றாழை நாரில் வெள்ளை முடி, தலையில் தொப்பி, அதிலிருந்து கலர் கலராக ரிப்பன். இடுப்பு ஒடிந்த கிழவன் மாதிரி கோலை ஊன்றிக்கொண்டு வந்தது.

எங்களோடு நெல் வாரும் அஞ்சலை கூடையைப் போட்டுவிட்டாள். மேஸ்திரி, "எவன்டா அது?" என்று கேட்டார். அவர் குரல் மாதிரியே இல்லை.

"நான்தாம்பா, மெக்சிகோ" என்றது அந்த முகம். வாய் அசையவில்லை. அதனால் யாரும் நம்பவில்லை.

கிழவன் இருமினான். நடுங்கினான். திடீரென்று நிமிர்ந்து, மரச்செருப்பு தீப்பொறி பறக்கிற வேகத்தில் குதித்து ஆடினான். ஆடிக்கொண்டிருந்தவன் சட்டென்று நின்று ஒதுங்கினான்; யாரோ தாண்டிப் போகிற நேரம் அளவுக்குக் காத்திருந்தான். ஆள் இல்லாத பக்கம் திரும்பிக் கோலால் செல்லமாகத் தட்டினான். கடைசியில் இடது பக்கமாகச் சாய்ந்தான். பக்கத்தில் நிற்கும் ஒருவர் தோளில் சாய்வது போல. மழைக்குச் சாய்ந்த கரண்ட் கம்பம் அளவுக்குச் சாய்ந்து, விழாமல், அப்படியே மூச்சு வாங்கினான்.

"கூட மூணு பேரு இருக்குறாங்க" என்றாள் அஞ்சலை. "நான் எண்ணிட்டேன்."

அன்றிலிருந்து அந்த மூன்று இடத்திலும் யாரும் நெல் பரப்பவில்லை. களத்தில் மூன்று வட்டம் வழுக்கையாகக் கிடக்கும். மில் நாய் வேறு, அதில் ஒரு வட்டத்தின் எதிரே உட்கார்ந்து வாலாட்டும். முதலாளி கேட்டால் மேஸ்திரி, "அங்க சிமெண்டு ஈரம்ங்க" என்பார். இரண்டு மாதம் காயாத ஈரம்.

கடைசியில் மேஸ்திரி கள்வராயன் மலைக்குப் போய், வெள்ளிமலைப் பக்கமிருந்து குறி சொல்கிற பூசாரி ஒருவரைக் கூட்டிவந்தார். பூசாரி களத்தை மூன்று சுற்றுச் சுற்றினார். பிறகு எதிர்க் கடையில் உட்கார்ந்து ஆறு சோள ரொட்டி சாப்பிட்டார். கை கழுவிக்கொண்டு சொன்னார்: "மூணு பேரு நிக்கிறது வாஸ்தவம். ஆனா மூணு பேருமே உசுரோட இருக்கறவங்க. உசுரோட இருக்கறவன வெரட்டறதுக்கு எங்கிட்ட மந்திரம் கெடையாது."

மெக்சிகோ அவருக்கு இன்னும் இரண்டு ரொட்டி கட்டிக் கொடுத்தார்.

அடுத்த வருஷம் அவர் என்னைக் கூப்பிட்டார். "நீ யாராண்டயும் பேச மாட்ட. அதான் உன்ன கூப்புடறேன். போன வருசம் மூட்ட மேல நிறுத்தி வச்சேன், சரியா தெரியலன்னாங்க. இந்தப் போன புடிச்சிக்கினு நில்லு."

போனுக்குள் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. சிகாகோவில் அப்போது சனிக்கிழமை ராத்திரி. ஒரு பெரிய கூடம். ஓட்டை ஓட்டையாகச் சித்திரம் வெட்டிய காகிதத் தோரணம். சுவர் முழுக்க அவர்கள் விட்டுவந்த ஊரின் ஏரியும் படகும் வரைந்திருந்தது. பெண்கள் பாவாடையைக் குடை மாதிரி விரித்துச் சுழன்று ஓய்ந்ததும், மூன்று ரோஸ் முகக் கிழவர்கள் கோல் ஊன்றி வந்தார்கள். நடுவில் ஓர் ஆள் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். அது கிழவர் வேஷத்தில் நான்கு பேர் ஆடும் அவர்கள் ஊர் ஆட்டம். அங்கே மூன்று பேர், இங்கே ஒருவர். அவர்களும் காலி இடத்துக்கு வழிவிட்டார்கள். காலி இடத்தைத் தட்டினார்கள். அங்கே ஒரு மேசையில் போனை நிறுத்தி, அதில் இவரைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

அங்கே அடிக்கிற வாத்தியம் இங்கே கேட்க ஒரு நொடி ஆகும். அதனால் அங்கே தாளம் தப்பாமல் தெரிய, சத்தம் வரும் முன்பே மெக்சிகோ காலை வைத்துவிடுவார். பக்கத்தில் நின்று பார்த்தால், இவர் கால் வைக்கிறார், அதற்குப் பிறகு சிகாகோவில் வாத்தியம் அடிக்கிறது.

ஆட்டம் முடிந்ததும் அவர்கள் "சால்வதோர், சால்வதோர்" என்று கூவினார்கள். முகமூடியைக் கழற்றாமல் அவர் தலையாட்டினார். சபை முன்னால் கழற்றக் கூடாதாம்.

"யாருங்கண்ணா சால்வதோரு?"

"அங்க என் பேரு அதாம்பா."

நான்கு வருஷம் போன் பிடித்தேன். ஐந்தாவது வருஷம் அவருக்கு முட்டி வீங்கிவிட்டது. கிழவன் மாதிரி நடிப்பவருக்கு நடிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. ஆனால் பாதியில் குதித்து ஆட வேண்டுமே. ஆட்டத்துக்கு முந்தின வாரம் முகமூடியை என் மடியில் வைத்தார்.

"ஒரே ஒரு நாளு நீ நில்லு. எடம் காலியா இருந்தா அவங்க வேற ஆளப் போட்டுடுவாங்க. அப்புறம் நான் யாரு சொல்லு? சோளத்துல சுண்ணாம்பு போடற கெழவன். அவ்ளோதான்."

"நாலு பேரு பாப்பாங்களே அண்ணா."

"அவங்க கெழவனப் பாப்பாங்க. உன்ன எவன் பாக்கப்போறான்?"

நெல் துழாவிய கால் எனக்கு. இழுத்து இழுத்து வைக்கிற அடியெல்லாம் தானாக வந்தது. மூட்டைகளுக்குப் பின்னால் நாற்காலி போட்டு, போனில் தெரியாதபடி அவர் உட்கார்ந்துகொண்டார். "முன்னாடியே வை, முன்னாடியே வை" என்று கிசுகிசுத்தார். குதித்தேன். தட்டினேன். முகம் கூசவில்லை. கூசுவதற்கு என் முகம் அங்கே இல்லை.

கடைசியில் இடது பக்கம் சாய்ந்தேன். சாக்கு மூட்டை மாதிரி விழுந்தேன். சிகாகோ வயிறு வலிக்கச் சிரித்தது. கிழவன் வேண்டுமென்றே விழுந்தான் என்று நினைத்துக்கொண்டார்கள். "சால்வதோர்" என்று கூவினார்கள். நான் தலையாட்டினேன். மூட்டைக்குப் பின்னால் இருந்தவரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம், கடையில் ஆள் இல்லாதபோது சொன்னார். "நானும் சால்வதோரு இல்லப்பா. அவன் எங்க ஓட்டல்ல பாத்திரம் கழுவுனவன். என் ஒசரந்தான். 'ஒரே ஒரு நாளு நில்லு, இதோ வந்துர்றேன்'னு முகமூடியக் குடுத்துட்டுப் போனான். போனவந்தான்."

"அவங்களுக்குத் தெரியாதுங்களா?"

"கேக்கல. நானும் சொல்லல."

"எனக்கும் ஒரே நாளுன்னுதானே சொன்னீங்க?"

"ஆமாம்பா, ஒரே நாளுதான்" என்று அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

பங்குனியில் மெக்சிகோ போய்விட்டார். தூக்கத்திலேயே. முகமூடி, மரச்செருப்பு, கோல், போன் நான்கையும் ஒரு சாக்கில் கட்டி, என்னிடம் கொடுக்கச் சொல்லிப் பக்கத்துக் கடையில் முன்பே வைத்திருந்தார். எப்போது வைத்தார் என்று அந்தக் கடைக்காரருக்கே நினைவில்லை.

ஆவணி கடைசி ஞாயிறு. ஆறரைக்கு அந்தப் போன் அடித்தது. விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எடுக்கப் போனேன். எந்தப் பாஷையில் சொல்வது? முகமூடியை மாட்டிக்கொண்டேன். "சால்வதோர்" என்றார்கள். தலையாட்டினேன். சிகாகோவில் அவர் சாகவில்லை.

அஞ்சலை போன் பிடித்தாள். ஆவி படர்ந்தது. மூன்று கிழவர்களும் வந்தார்கள். அப்போதுதான் ஒன்று கவனித்தேன். ஓரத்தில் நிற்பவர் போன வருஷம் கோலை வலது கையில் பிடித்தவர்; இப்போது இடது கையில் பிடித்திருந்தார். நடுவில் இருந்தவர் ஒரு சாண் வளர்ந்திருந்தார். மூன்று முகமும் அதே சிரிப்புச் சிரித்தன. நான் கேட்கவில்லை. அவர்களும் கேட்கவில்லை. நான்கு பேராக ஆடினோம்.

ஆட்டம் முடிகிற இடம் வந்தது. போன வருஷம் விழுந்ததில் அடிபட்ட முழங்கை இன்னும் வலித்தது. என்றாலும் இடது பக்கம் சாய்ந்தேன். கரண்ட் கம்பம் அளவுக்குச் சாய்ந்தேன்.

விழவில்லை. தோளோரம் சுண்ணாம்பும் சோளமும் வெந்த வாசனை அடித்தது. அஞ்சலை போனைப் பார்ப்பதை விட்டுவிட்டு என் இடது பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மில் நாய் வாலாட்டியது.

"முட்டி வலிக்கப்போவுது, பாத்து நில்லுங்கண்ணா" என்று முகமூடிக்குள்ளேயே சொன்னேன்.