அட்டையைக் காட்டாதவர்கள்

டுவெய்ன் க்ராட்ஸ் அன்று காலை ஒரு பெரிய முடிவோடு எழுந்தான். வியாழக்கிழமைக் கூட்டத்தில் தன்னைப் பற்றிய உண்மையைத் தானே சொல்லிவிடுவது. அதாவது, தான் ஒரு மேதை என்பதை.

சமையலறை ஜன்னலுக்கு வெளியே, அறுத்துப் போட்ட சோளக்கொல்லையின் மேல் ஒஹையோவின் நவம்பர் மூட்டம் படுத்திருந்தது. காபிக் கோப்பையோடு அதையே பார்த்துக்கொண்டு நின்றான். மூட்டத்துக்குள்ளிருந்து வெள்ளை மாத்திரைகள் மெல்ல மிதந்து இறங்குவதுபோல் இருந்தது. எல்லாம் ஜெனரிக், கம்பெனி முத்திரை இல்லாத மாத்திரைகள். எல்லாம் மலிவு.

கதவு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஊழியர்களின் மருத்துவக் காப்பீட்டைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. ஜெனரிக் மாத்திரைக்குத் தொழிற்சாலை அழும் பணம் இந்த வருஷம் பாதியாகக் குறைந்திருந்தது. எப்படி என்று முதலாளியம்மா திருமதி ஓபெர்லி கேட்டிருந்தார். சரியான காரணம் சொன்னால் ஊழியர் சம்பளத்தில் காப்பீட்டுப் பிடித்தம் ஏறாது. சொல்லாவிட்டால் ஏறும்.

காரணம் டுவெய்னுக்குத் தெரியும். மருந்துத் தரகு நிறுவனம் ஒன்றைப் பிடித்து அவனே கொண்டுவந்த, கடையில் காட்டினால் விலை குறையும் என்று சொல்லப்பட்ட நீலநிற அட்டை.

“அட்டைதான் லூவான். எல்லாம் அட்டைதான்.”

“அப்படியா கண்ணு?” என்றாள் மனைவி, மாவைப் பிசைந்தபடி. “அப்ப உன் கொலஸ்ட்ரால் மாத்திரையை இன்னிக்கு நீயே போய் வாங்கிட்டு வந்துடு.”

மருந்துக்கடையில் அட்டையை நீட்டினான், அரசர்கள் மோதிரத்தை நீட்டுவதுபோல.

“பதினஞ்சு டாலர்,” என்றார் கடைக்காரர்.

“லூவான் வாங்கறப்பவும் இதே விலைதானே?”

“அவங்க அட்டையைக் காட்ட மாட்டாங்களே.”

“காட்டலைன்னா?”

“நாலு.”

“காட்டினா?”

“பதினஞ்சு. நாலு எனக்கு, மிச்சம் உங்க தரகருக்கு. இதுபோக, அட்டையைக் காட்டற ஒவ்வொரு தடவையும் உங்க தொழிற்சாலை அவருக்குத் தனியா வேற அழுவுது.”

“யோவ், இந்த அட்டையைக் கொண்டுவந்தவனே நான்தான்யா!”

“மெதுவாப் பேசுங்க. பின்னாடி உங்க பெயிண்ட் பிரிவு ஆளுங்க நிக்கிறாங்க.”

திரும்பினான். வரிசையில் ஒருவர் கையிலும் அட்டை இல்லை. தூக்கத்தில் நடப்பவனைப் பார்ப்பதுபோல் எல்லோரும் கனிவாகப் புன்னகைத்தார்கள்.

கார் எப்படி வீடு வந்து சேர்ந்ததென்று அவனுக்குத் தெரியாது.

“எத்தனை பேருக்குச் சொல்லித் தொலைச்ச?” என்றான் லூவானிடம்.

“ஒருத்திக்குத்தான். போலிங் பந்து உருட்டறப்ப. அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“ரெண்டு தடவை சொன்னேன். நீ ஜன்னலைப் பாத்துட்டு நின்ன.”

டுவெய்ன் மறுபடியும் ஜன்னலைப் பார்த்தான். மூட்டத்துக்குள் ஒரு வெளிச்சம் தெரிந்தது.

“சரி. அட்டை வேண்டாம்கிறதை நானே கண்டுபிடிச்சதா கூட்டத்துல சொல்லிடறேன். நீ குறுக்க பேசக் கூடாது. வாக்கு?”

“வாக்கு. தாராளமா சொல்லு.”

இவ்வளவு சுலபமாக மனைவி ஒத்துக்கொண்டால் எந்தக் கணவனும் உஷாராக வேண்டும். டுவெய்னோ அதற்குள் மேகத்தில் ஏறிவிட்டிருந்தான்.

வியாழக்கிழமை. கேன்டீன் நிரம்பி வழிந்தது. ஊழியர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். லூவான் ஓரமாக நின்று எல்லோருக்கும் ஆப்பிள் கேக் வெட்டிக்கொண்டிருந்தாள்.

“அட்டை இல்லாம வாங்கினா நாலே டாலர்!” என்று முழங்கினான் டுவெய்ன். “அதான் நம்ம செலவு பாதியாச்சு. இனிமே அந்த நாலையும் தொழிற்சாலையே நேரா கடைக்குக் கொடுத்துடட்டும். நடுவுல தரகர் எதுக்கு? இது என் கண்டுபிடிப்பு!”

கைதட்டல். பெயிண்ட் பிரிவு கொஞ்சம் அதிகமாகவே தட்டியது.

“அருமை,” என்றார் திருமதி ஓபெர்லி. “அப்படியே செஞ்சிடலாம். பிடித்தமும் ஏறாது.”

அவன் கால்கள் தரையை விட்டு அரை அடி எழும்பின. கூரை விளக்குகள் நட்சத்திரங்களாயின.

“ஒரே ஒரு சந்தேகம், டுவெய்ன். இத்தனை நாளா அந்த அட்டையை நம்ம தலையில கட்டினது யாரு?”

லூவான் அடுத்த கேக் துண்டை வெகு கவனமாக வெட்டினாள்.

“அது... அதுவும் நான்தாங்க.”

சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று. தரகரிடம் போய்க் கணக்கை முடித்துவிட்டு வரும் வேலையும் அவன் தலையிலேயே விழுந்தது.

வீடு திரும்பும்போது வயல்கள் மங்கலாக நழுவிப் போயின.

“எல்லாம் நல்லாத்தான் போச்சு, லூவான். அந்தக் கேள்வி மட்டும் அந்தம்மாவுக்கு எப்படித் தோணிச்சோ.”

“நேத்து சர்ச்சுல பாட்டுப் பயிற்சியப்ப நான்தான் கேக்கச் சொன்னேன், கண்ணு. குறுக்க பேச மாட்டேன்னு உனக்கு வாக்குக் குடுத்துட்டேனே!”