நாபாஸ்காரருக்கு ஓர் ஆள்

காஜா பெராங்கில் அந்த நாளில் யாரும் சும்மா மூச்சு விட்டுக்கொண்டு நடந்துபோக முடியாது. நாபாஸ்காரர் கண்ணில் பட்டால் தீர்ந்தது. சுற்றிக்கொண்டிருந்த சைக்கிள் சக்கரத்தைப் பிடித்து நிறுத்திவிட்டு நம் மார்பையே உற்றுப் பார்ப்பார். "நின்னு நின்னு போகுது தம்பி, ஒன் மூச்சு" என்பார், பிரேக் கட்டை தேய்ந்துவிட்டது என்று சொல்லும் அதே தோரணையில்.

நாபாஸ் என்றால் மலாயில் மூச்சு. பெற்றோர் அவருக்கு வைத்த பெயர் யாருக்கும் தெரியாது. செட்டிகளின் குடியிருப்பான கம்போங் செட்டிக்குப் போகும் வழியில் அவருடைய சைக்கிள் கடை. பின்னறையில் நான் வாடகைக்கு இருந்தேன். ஈப்போவிலிருந்து மாற்றலாகி வந்த குமாஸ்தா, இருபத்து நான்கு வயது, ஊரில் பேச ஆளில்லை. சாயங்காலம் கடல் பக்கமிருந்து ஒரு காற்று கிளம்பும். எல்லா வீட்டுச் சன்னல்களையும் தட்டிவிட்டுக் கடைசியில் என் அறைக்குள் வந்து, போக்கிடம் தெரியாமல் நிற்கும். இரண்டு பேருமாக நின்றுகொண்டிருப்போம்.

அப்படி நின்ற ஒரு மாலையில்தான் அவர் தன் வைத்தியத்தைச் சொன்னார்.

"அழுவுற புள்ள மூச்ச பாத்திருக்கியா தம்பி? இழுக்கறதுக்கும் விடுறதுக்கும் நடுவுல சந்தே இருக்காது. பெரியவனானதும் நாம சந்து வுட்டுடுறோம். கவல அதுல வந்து குந்திக்கிது. சந்த அடைச்சிட்டா அது எங்க போவும்? கண்ணு வழியாத்தான் போவணும்."

கடைக்குள் ஒரு நீளப் பலகை. அதில் படுத்து, வாயைத் திறந்து, சைக்கிள் சங்கிலி போல மூச்சை அறுபடாமல் அரை மணி நேரம் சுற்ற வேண்டும். அவர் வாளியைக் கவிழ்த்துப் போட்டுத் தலைமாட்டில் உட்காருவார். "தாரிக்... லெபாஸ்... தாரிக்... லெபாஸ்..." இழு, விடு என்று மலாயிலேயே சொல்லுவார். வருகிறவர்களில் பாதிப்பேர் பல தலைமுறைக்கு முன்பே மலாய்ப் பேச்சுக்கு மாறிவிட்ட, தமிழ் பேசாத செட்டிகள். கட்டணம் கிடையாது. ஒரே ஒரு சட்டம் உண்டு: தனியாகச் செய்யக் கூடாது, பக்கத்தில் ஓர் ஆள் கட்டாயம். "படுத்தவன் எங்கெங்கயோ போய்ட்டு வருவான். கண்ண தொறக்கறப்ப ஒரு மனுச மூஞ்சி தெரியணும்."

இந்தச் சட்டத்தால் ஊரில் ஒருவருக்கு மட்டும் வைத்தியமே நடக்கவில்லை. அது அவரேதான். எல்லாருக்கும் அவர் உட்கார்ந்தார். அவருக்கு உட்கார ஆள் கிடைக்கவில்லை.

கம்போங் செட்டியிலிருந்து பஸ் டிரைவர் ஒருவர் வந்து படுத்தார். கால் மணி நேரத்தில் அவருடைய விரல்கள் விறைத்து உள்பக்கமாக மடிந்துகொண்டன, உதடு குவிந்தது. மனைவி துடைப்பத்தோடு ஓடிவந்தாள். "லாக்கி சாயா சுடா ஜாடி கெத்தாம்!" என் புருஷன் நண்டாகிவிட்டான் என்று அவள் போட்ட கூச்சலில் தெருவே கூடியது. நாபாஸ்காரர் முதுகில் இரண்டு அடி வாங்கிக்கொண்டே, "சாபார், சாபார்" என்று பொறுமை போதித்தார். மெல்ல விரல்கள் விரிந்தன. டிரைவர் தேம்பித் தேம்பி அழுதார். யாருக்காக? ஜப்பான்காரன் காலத்தில், வேறு வழியில்லாமல் குழம்பு வைத்துத் தின்ற தன் சண்டைச் சேவலுக்காக. மறுநாள் அதே மனைவி, தேங்காய்ப்பாலில் வேகவைத்த நாசி லெமாக் ஒரு தட்டோடு வந்து, துடைப்பத்தைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் போனாள்.

அழுகைச் சத்தம் அதிகமாகிறது என்று புகார் போய், ஒரு போலீஸ்காரர் வந்தார்.

"என்னா நடக்குது இங்க?"

"மூச்சு விடுறாங்க சார்."

"லைசன்ஸ் இருக்கா?"

"ஒங்களுக்கு இருக்கா சார்? மொதல்ல படுங்க. அப்புறம் எழுதலாம்."

பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு படுத்தவர், எழுந்ததும் யாரையும் பார்க்காமல் நடையைக் கட்டினார். அவருடைய தொப்பி மூன்று நாள் ஒரு ஹாண்டில்பாரில் தொங்கியது. வந்து கேட்க வெட்கம்.

நாபாஸ்காரரின் கதை ஒரு வரிதான். சண்டைக் காலத்தில் ஜப்பான்காரர்கள் அவரைச் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தபோது மனைவி இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. "அக்கம்பக்கத்துல எல்லாரும் அழுது முடிச்சுட்டாங்க தம்பி. போன எடத்துல சிரிச்சுப் பேசறாங்க. நா மட்டும் லேட்டு. அந்த அழுக இன்னும் உள்ளாறவே கெடக்கு."

ஒருமுறை காப்பிக்கடைக்காரரைக் கெஞ்சி உட்கார வைத்திருக்கிறார். பாதியில் அடுப்பு நினைவு வந்து காப்பிக்கடைக்காரர் எழுந்து போய்விட்டார். இவர் கண்ணைத் திறந்தால் எதிரே ஓர் ஆடு, பழைய டியூபை மென்றுகொண்டு நிற்கிறது. அதன் பிறகு அவர் யாரையும் கேட்கவில்லை.

என்னையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பேன். அழுகிற மனிதனுக்குப் பக்கத்தில் உட்கார எனக்குப் பயம்.

மெர்டேக்கா நாள், நாட்டுக்குச் சுதந்திரம் வந்த காலை. தெரு முழுக்கக் காகிதக் கொடிகள், தூரத்தில் பேண்டு வாத்தியம். ஆபீஸ் நண்பர்களோடு ஊர்வலம் பார்க்க, சலவைச் சட்டையோடு கிளம்பினேன். கடைக் கதவு பாதி சாத்தியிருந்தது. நாபாஸ்காரர் அதன் இடுக்கில் நின்றார்.

"போய்ட்டு வா தம்பி. கூட்டத்துல பர்ச பத்திரமா வச்சுக்க" என்றார்.

அவருக்குப் பின்னால் பார்த்தேன். பலகை துடைத்துச் சுத்தமாக இருந்தது. பக்கத்தில் வாளி, கவிழ்த்து வைத்தபடி. ஒருவரையும் கூப்பிடாமல், ஒருவர் வருவார் என்று போட்டு வைத்த இருக்கை.

போய் அதில் உட்கார்ந்தேன்.

"என்னாது?"

"படுங்கண்ணே."

படுத்தார். பத்து மூச்சுக்கு ஒருதரம் ஒரு கண் திறக்கும்.

"இருக்கியா?"

"இருக்கேன்."

மறுபடி. மறுபடி. ஒன்பதாவது தடவை எனக்குக் கோபமே வந்துவிட்டது. "அண்ணே, நீங்களே சந்து வுடுறீங்க."

"என்னா பண்றது லா, ஆடு நெனப்பு வந்துருது."

கிரீஸ் படிந்த அவருடைய இடது பாதத்தைப் பிடித்துக்கொண்டேன். "இது என் கையி. ஆட்டுக்குக் கையி கெடையாது. கண்ண மூடுங்க. தாரிக்... லெபாஸ்..."

வாத்திய ஒலி கிட்டே வந்து, தெருமுனையில் பொங்கி, மெல்ல விலகிப் போனது. ஒரு நாடு தனக்குப் புதிதாகக் கிடைத்த மெர்டேக்காவை ஓங்கிக் கூவிக்கொண்டிருந்த அந்த வேளையில், பலகையின் மேல் ஒரு மனிதர் ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னார். திரும்பத் திரும்பச் சொன்னார். பன்னிரண்டு வருஷத்து அழுகை வந்தது. அவருடைய கால் என் கைக்குள் குழந்தையின் கால் போல உதைத்துக்கொண்டது.

வெயில் கதவிடுக்கில் ஏறியபோது தூங்கிப்போயிருந்தார். ஆபீஸ் நண்பர்கள் வாசலில் வந்து என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். இனி எழுந்து போகலாம், பிடித்திருந்த காலை விடலாம். விட மனம் வரவில்லை.